பழகிய சாஃப்ட்வேரை விடலாமா? ஒரு சின்ன ஸ்டுடியோவின் அனுபவம்

ரெக்கார்டிங் சாஃப்ட்வேரை மாற்றலாமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: உங்களிடம் வருகிற வேலை மாறியிருக்கிறதா? மாறவில்லை என்றால், இருப்பதிலேயே இருங்கள் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். மாறியிருந்தால் உட்கார்ந்து பேச விஷயம் இருக்கிறது. நான் பல ஆண்டுகள் க்யூபேஸில் மட்டுமே வேலை செய்தவன். இப்போது என் வேலையில் ஒரு பாதி ரீப்பரில் நடக்கிறது, மறுபாதி இன்னும் க்யூபேஸில்தான். அந்த முடிவுக்கு எப்படி வந்தேன், வழியில் எதையெல்லாம் சோதித்துப் பார்த்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். இதே யோசனையில் இருக்கும் ஒருவருக்குக் கொஞ்சம் நேரமும் பணமும் மிச்சமானால் நல்லது.

எனக்குத் திருச்சியில் சின்ன ஸ்டுடியோ. ஆரம்ப காலத்தில் வந்ததெல்லாம் பக்திப் பாடல்கள். ஆடிக்கு அம்மன், புரட்டாசிக்குப் பெருமாள், கார்த்திகைக்கு ஐயப்பன், தைப்பூசத்துக்கு முருகன். ரிதம், பேஸ், ஸ்ட்ரிங்ஸ் எல்லாவற்றையும் கீபோர்டில் வாசித்து மிடியாக, அதாவது எந்த நோட்டு, எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் என்ற குறிப்பாக, பதிந்துவிடுவோம். கடைசியில் பாடகர் வந்து பாடுவார். வசதி இருந்தால் தவிலும் நாதஸ்வரமும் லைவாக வரும். க்ளிக், அதாவது சீரான தாளத் தட்டு, காதில் ஓடிக்கொண்டே இருக்கும், எல்லாம் திரையிலுள்ள தாளக் கட்டத்துக்குள் உட்காரும். இந்த மாதிரி வேலைக்கு க்யூபேஸ் அருமையான கருவி. கீ எடிட்டரில் ஒரு ஃபில்லின் நோட்டுகளைப் பிடித்துத் தட்டிச் சரிசெய்வது, கார்ட் ட்ராக்கில் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) மாற்றிப் பார்ப்பது, லாஜிக்கல் எடிட்டரில் நூற்றுக்கணக்கான நோட்டுகளின் அழுத்தத்தை ஒரே அடியில் குறைப்பது, இதெல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும்.

அப்புறம் நாட்டியப் பள்ளிகள் வர ஆரம்பித்தன. அரங்கேற்றத்துக்கும் ஆண்டு விழாவுக்கும் பதிவு செய்த இசை வேண்டும் என்று கேட்டார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முழுக் குழுவை அழைத்துப் போக எல்லோராலும் முடிவதில்லை. குருவே நட்டுவாங்கம் செய்வார், அதாவது கைத்தாளம் தட்டி ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவார்; பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், சில சமயம் வீணை. அலாரிப்பில் தொடங்கித் தில்லானா வரை ஒரு மார்க்கமே, அதாவது கச்சேரியின் முழு வரிசையே, பதிவாகும். அதில் வர்ணம் மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் போகும்.

இந்த வேலையின் இயல்பே வேறு. இங்கே க்ளிக் கிடையாது. குருவின் தாளம்தான் க்ளிக். ஜதிக்கு (தாளச் சொற்கட்டுக்கு) முன்னால் அவர் ஒரு நூல் அளவு இழுத்துப் பிடிப்பார், அதன் முடிவான தீர்மானத்தில் லேசாகத் தள்ளுவார். அந்த இழுப்பும் தள்ளலும் ஆடுகிறவரின் உடம்புக்கு வேண்டும். அதைக் கட்டத்துக்குள் பிடித்து வைத்தால் ஆட்டமே செத்துவிடும். ஆக, திரையில் தெரிகிற பார் கோடுகளுக்கும் பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. டெம்போ, க்வான்டைஸ், லூப் என்று சாஃப்ட்வேர்கள் பெருமையாகக் காட்டும் பல வசதிகள் இங்கே சும்மா உட்கார்ந்திருக்கும்.

பதிவு முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கும். "தம்பி, சரணத்துல அந்த ரெண்டாவது ஜதியை எடுத்துடுங்க, சின்னப் பொண்ணு, மூச்சு வாங்குது" என்பார் டீச்சர். பன்னிரண்டு ட்ராக்கிலும் ஒரே இடத்தில் வெட்டி, பின்னால் இருப்பதை எல்லாம் முன்னால் இழுத்து, வெட்டு தெரியாமல் ஒட்ட வேண்டும். தம்புராவின் ரீங்காரம் எங்கும் அறுபடக் கூடாது. அடுத்த மாதம் அதே வர்ணம் வேறொரு மாணவிக்கு வேண்டும். அவளுக்கு அந்த ஜதி திரும்ப வர வேண்டும், ஆனால் கொஞ்சம் நிதானமாக. இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு ஃபோன் வரும்: "டீச்சர் சொன்னாங்க, உங்ககிட்ட அந்தத் தில்லானா இருக்காமே."

மாறுவதா என்ற யோசனை எனக்கு இந்த இடத்தில்தான் வந்தது. பழைய சாஃப்ட்வேரில் இதைச் செய்யவே முடியாது என்று சொல்ல மாட்டேன், செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் என் நாளின் பெரும்பகுதி, நீளமான லைவ் பதிவுகளை வெட்டி ஒட்டுவதில் போகத் தொடங்கியிருந்தது. என் கை பழகியிருந்ததோ மிடி வேலைக்கு.

மாறுவதற்கு எவை காரணமாக இருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் அடிக்கடி காதில் விழுவது, "அந்த சாஃப்ட்வேர்ல சவுண்டே வேற மாதிரி இருக்கும்" என்ற பேச்சு. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பாட்டின் நாலைந்து வேவ் ஃபைல்களை இரண்டு சாஃப்ட்வேரிலும் இறக்குங்கள். எல்லா ஃபேடரும் (ஒலி அளவு) பூஜ்யத்தில், பேன் (இடது வலது) நடுவில், ப்ளக்-இன் (எஃபெக்ட் போன்ற துணைச் சாஃப்ட்வேர்) எதுவும் வேண்டாம், இரண்டிலும் ஒரே சாம்பிள் ரேட், அடுத்துச் சொல்லப்போகிற பேன் லாவும் ஒன்றே. இரண்டிலும் பௌன்ஸ் செய்து (ஒரே ஃபைலாக எடுத்து), கிடைத்த இரண்டு ஃபைல்களையும் ஒரே செஷனில் ஒரே இடத்தில் தொடங்குகிற மாதிரி இரண்டு ட்ராக்கில் வைத்து, ஒன்றின் ஃபேஸைத் திருப்புங்கள், அதாவது அதன் ஒலி அலையைத் தலைகீழாக்குங்கள். இரண்டும் ஒன்றுதான் என்றால் ஒன்றையொன்று தின்றுவிடும். நான் செய்து பார்த்தபோது ஸ்பீக்கரில் எதுவும் வரவில்லை. எண்களைக் கூட்டுவதில் ஜெர்மன் க்யூபேஸுக்கும் அமெரிக்க ரீப்பருக்கும் வித்தியாசம் கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மோனோ ட்ராக்கை நடுவில் வைக்கும்போது அதன் அளவை எவ்வளவு குறைப்பது என்பதற்கு ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் ஒரு கணக்கு உண்டு. பேன் லா என்பார்கள். ஒன்று எதையும் குறைக்காமல் அப்படியே விடும், இன்னொன்று 3 டெசிபல் குறைக்கும். அந்த அமைப்பைப் பார்க்காமல் ஒரே பாட்டை இரண்டிலும் போட்டுக் கேட்டால், ஒன்று முட்டிக்கொண்டு, பளிச்சென்று கேட்கும். குரல் தூக்கலாக இருக்கும். "சவுண்டே வேற" என்று சத்தியம் செய்கிறவர்கள் பலர் கேட்டது இந்த 3 டெசிபலைத்தான். செட்டிங்கில் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுக் கேட்டால் பேச்சு முடிந்துவிடும்.

லேட்டன்சியும் அப்படித்தான். ஹெட்போனில் குரல் தாமதமாக வருகிறது, சாஃப்ட்வேரை மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்கள். அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியின்) டிரைவரிலும், ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரின் அளவிலும் இருக்கிறது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை 128 சாம்பிளில் வைத்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 2.7 மில்லிசெகண்ட்; 512 வைத்தால் 10.7. உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை. இந்தக் கணக்கு எந்த சாஃப்ட்வேரிலும் மாறாது. பாடுகிறவருக்கு இன்டர்ஃபேஸிலிருந்தே நேராக மானிட்டர் கொடுத்தால், பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினையே இருக்காது.

வேகம் குறைப்பது, சுருதி மாற்றுவது ஆகியவற்றின் தரமும் எனக்கு ஒரு காரணமாகத் தோன்றியது. பார்த்தால், க்யூபேஸிலும் ரீப்பரிலும் இருப்பது பெர்லினிலுள்ள ஸீப்ளேன் என்ற நிறுவனத்தின் எலாஸ்டிக் என்ற அதே தொழில்நுட்பம்தான். எதில் செய்தாலும், வேகத்தை ரொம்பக் குறைத்தால் மிருதங்கத்தின் மீட்டு கொழகொழவென்று ஆகும், நட்டுவாங்கத் தாளத்தின் ஓசை நடுங்கும். ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடியதை ஐந்துக்கு இறக்கினால் பரவாயில்லை, நாலுக்கு இறக்கினால் குரல் வேறு யாருடையதோ ஆகிவிடும். அதற்கு மருந்து ஒன்றுதான்: மறுபடியும் பாட வைப்பது.

அப்படியானால் எதற்காகத்தான் மாறினேன்? என் கை செய்கிற வேலை எதில் குறைந்த அசைவில் முடிகிறது என்பதற்காக. ரீப்பரில் ரிப்பிள் எடிட்டிங் என்று ஒன்று இருக்கிறது. அதை எல்லா ட்ராக்குக்கும் என்று வைத்துவிட்டு ஒரு பகுதியை வெட்டினால், பின்னால் இருக்கிற எல்லாம், மார்க்கர் உட்பட, தானாக முன்னால் நகர்ந்துவிடும். ஜதியைத் தூக்கு, ஜதியைப் போடு என்பதுதான் என் அன்றாடம் என்றால், இது பெரிய வசதி. இன்னொன்று ரீஜன், அதாவது செஷனில் ஒரு பகுதியைக் குறித்து வைப்பது. அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம் என்று ஒரே செஷனில் ரீஜன் போட்டுப் பெயர் வைத்துவிட்டால், அத்தனையும் அந்தந்தப் பெயரிலேயே தனித்தனி ஃபைலாக ஒரே தடவையில் வெளியே வரும். நடன ஒத்திகைக்கு ஒவ்வொரு ஜதியையும் தனியாகக் கேட்பார்கள். அதற்கு இதைவிடச் சுலபமான வழியை நான் பார்க்கவில்லை.

இன்னொரு காரணம் கொஞ்சம் ஆழமானது. ரீப்பரின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே எந்த ட்ராக்கில் எந்த வேவ் ஃபைல், எத்தனையாவது செகண்டில் தொடங்குகிறது என்று படித்துவிடலாம். இருபது ஆண்டு கழித்து அந்த சாஃப்ட்வேர் இல்லாமல் போனாலும், வர்ணம் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்று ஒருவரால் கண்டுபிடிக்க முடியும்.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம், சாஃப்ட்வேர்களின் ஆயுள் நம் கையில் இல்லை என்பதுதான். கேக்வாக் என்ற பெயர் 1987-லிருந்து இருக்கிறது. டாஸ் காலத்து மிடி சாஃப்ட்வேராகத் தொடங்கி, பிறகு சோனாராக வளர்ந்தது. கிட்டார் செய்யும் கிப்ஸன் நிறுவனம் அதை 2013-ல் வாங்கியது. 2017 நவம்பரில், இனிமேல் அதை உருவாக்கப் போவதில்லை என்று அறிவித்தது. 2018 பிப்ரவரியில் பேண்ட்லேப் என்ற சிங்கப்பூர் நிறுவனம் எடுத்துக்கொண்டு, சில வாரங்களிலேயே இலவசமாக வெளியிட்டது. நல்லபடியாக முடிந்த கதை இது. ஆனாலும் அந்தச் சில மாதங்கள் அதை நம்பியிருந்தவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்பது எனக்குப் புரிகிறது. லாஜிக்கின் கதை வேறு. அதைச் செய்த எமாஜிக் நிறுவனத்தை 2002-ல் ஆப்பிள் வாங்கியதும் விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. விண்டோஸில் லாஜிக் வைத்திருந்தவர்கள், கம்ப்யூட்டரை மாற்றுவதா சாஃப்ட்வேரை மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டியதாயிற்று.

சாஃப்ட்வேர் உயிரோடு இருந்தாலும் சுற்றி இருப்பவை மாறிக்கொண்டே இருக்கும். மேக் 2019-ல் கேட்டலினா என்ற பதிப்போடு பழைய 32 பிட் சாஃப்ட்வேர்கள் ஓடுவதை நிறுத்தியது. ப்ளக்-இன்களுக்கான விஎஸ்டி என்ற வடிவத்தின் மூன்றாம் பதிப்பு வந்தது 2008-ல். பழைய விஎஸ்டி 2-க்கான ஆதரவை இரண்டு ஆண்டுக்குள் விலக்கிக்கொள்ளப் போவதாக, க்யூபேஸைச் செய்கிற ஸ்டெய்ன்பெர்க் 2022-ல் சொல்லியது. நான் நம்பிப் பயன்படுத்திய ஒரு ரிவெர்ப் (எதிரொலி சேர்க்கும்) ப்ளக்-இன், அதைச் செய்தவர்கள் கடையை மூடிவிட்டதால், கம்ப்யூட்டர் மாற்றியதும் திறக்காமல் போனது. அதில் மிக்ஸ் செய்த பழைய ஐயப்பன் பாடல்களை அதே ஓசையில் மறுபடி எடுக்க வழியில்லை. அப்போது நான் சாஃப்ட்வேரை மாற்றவே இல்லை. இருந்தும் பழைய செஷன் பழையபடி திறக்கவில்லை.

அதனால், மாறுகிறீர்களோ இல்லையோ, ஒவ்வொரு வேலை முடிந்ததும் இதைச் செய்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். எல்லா ட்ராக்கையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்குகிற மாதிரி முழு நீள வேவ் ஃபைல்களாக எடுத்து வையுங்கள். குரல் பாட்டின் நடுவில்தான் வருகிறது என்றாலும் ஃபைல் பூஜ்யத்தில் தொடங்கட்டும். எந்தக் காலத்தில் எந்த சாஃப்ட்வேரில் இறக்கினாலும் தானாகப் பொருந்தும். எஃபெக்ட் இல்லாத ஒரு தொகுப்பு, எஃபெக்ட்டோடு ஒரு தொகுப்பு என இரண்டும் வேண்டும். மிடி ட்ராக்குகளை ஆடியோவாகவும், தனியே மிடி ஃபைலாகவும் எடுங்கள். மிடி 1983-லிருந்து இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது, மிடி ஃபைல் டெம்போ மாற்றங்களையும் சேர்த்துச் சுமந்து போகும்.

இடம் போதுமா என்று கேட்பார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ ஃபைல் நிமிடத்துக்குச் சுமார் 8.6 எம்பி. 35 நிமிட வர்ணம், பன்னிரண்டு ட்ராக் என்றால் 3.6 ஜிபி. இன்றைய ஹார்ட் டிஸ்க் விலையில் இது ஒன்றுமே இல்லை. இரண்டு டிஸ்கில் வைத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஃபைல் பெயரில் ராகம், தாளம், கட்டை மூன்றும் இருக்கட்டும். "வர்ணம் ஃபைனல் 2" என்று பெயர் வைத்திருந்தால் அது எந்த வர்ணம் என்று யாருக்குத் தெரியும்? கூடவே ஒரு எழுத்துக் கோப்பில் யார் பாடியது, யார் வாசித்தது, எந்த மைக், எந்த ரிவெர்ப், எவ்வளவு என்று எழுதி வையுங்கள். முடிந்தால் மிக்ஸர் திரையை ஒரு படம் பிடித்துப் போட்டுவிடுங்கள்.

இந்த வேலையைப் பழைய செஷன்கள் எல்லாவற்றுக்கும் நானும் என் உதவியாளரும் உட்கார்ந்து செய்தோம். அலுப்பான வேலைதான். ஆனால் அது முடிந்த பிறகு மாறுவதைப் பற்றிய பயம் பாதி போய்விட்டது. பழைய சாஃப்ட்வேரை விட்டால் பழைய பாட்டெல்லாம் போய்விடுமே என்பதுதான் பலரைக் கட்டிப் போட்டிருக்கிறது. பாட்டு தனியாகப் பத்திரமாக இருக்கிறது என்றால், மிச்சம் இருப்பது பழக்கம் மட்டும்தான்.

ஒரு சாஃப்ட்வேரிலிருந்து இன்னொன்றுக்குச் செஷனை அப்படியே கொண்டுபோக வழி இல்லையா என்றும் கேட்கிறார்கள். ஏஏஎஃப், ஓஎம்எஃப் என்று பழைய வழிகள் உண்டு. வெட்டிய துண்டுகளும் ஃபேடுகளும் வரும், ப்ளக்-இன்கள் வராது. 2023-ல் பிட்விக் நிறுவனமும், ஸ்டுடியோ ஒன் என்ற சாஃப்ட்வேரைச் செய்துவந்த ப்ரிசோனஸும் சேர்ந்து டா-ப்ராஜெக்ட் (DAWproject) என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். ப்ளக்-இன் அமைப்புகளையும் சேர்த்துக் கொண்டுபோகும் நோக்கத்தோடு வந்தது அது. க்யூபேஸும் 14-ஆம் பதிப்பில் சேர்ந்துகொண்டது. நல்ல முயற்சி, எல்லோரும் சேர வேண்டும். அதுவரை வேவ் ஃபைல்தான் எல்லோருக்கும் புரிகிற மொழி.

சரி, சோதித்துப் பார்ப்பது எப்படி? யூடியூப் வீடியோக்களைப் பார்த்து முடிவு செய்யவே செய்யாதீர்கள். அவர் கை அவருடைய வேலைக்குப் பழகியது. ரீப்பரை 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். மற்றவற்றிலும் சோதனைப் பதிப்பு கிடைக்கும். அந்தக் காலத்தில் சும்மா திறந்து மெனுவைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் தெரியாது. அவசரமில்லாத ஒரு உண்மையான வேலையை எடுத்து, மைக் வைப்பதில் தொடங்கி ஃபைலைக் கொடுப்பது வரை முழுக்க அதிலேயே முடியுங்கள். நான் எடுத்தது ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்கான சின்ன ஜதீஸ்வரம். பதிவு, வெட்டு, திருத்தம், மிக்ஸ், டீச்சர் கேட்ட மாற்றங்கள், கடைசி ஃபைல் என எல்லாக் கட்டத்தையும் அது தாண்டியது. எந்தக் கட்டத்தில் கை தடுமாறுகிறது, எந்தக் கட்டத்தில் சுலபமாகப் போகிறது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன்.

குறித்ததில் தெரிந்தவை: வெட்டி ஒட்டுவது, டேக்குகளில் நல்லதைப் பொறுக்கிச் சேர்ப்பது, ஃபைலாக எடுப்பது மூன்றும் ரீப்பரில் வேகமாகப் போயின. பாட்டில் சுருதி திருத்துவது இரண்டிலும் ஒன்றுதான், ஏனென்றால் அதை நான் செய்வது மெலோடைன் என்ற தனிச் சாஃப்ட்வேரில். கமகம் (ஸ்வரத்தின் அசைவு) உள்ள பாட்டுக்கு ஆட்டோமேடிக் திருத்தம் போட்டால் காந்தார ஸ்வரத்தின் அசைவையே வழித்து எடுத்துவிடும். நோட் நோட்டாகக் கையால்தான் செய்ய வேண்டும். மெலோடைனைச் செஷனுக்குள்ளேயே திறக்க வைக்கிற ஏஆர்ஏ வசதி இப்போது க்யூபேஸ், ரீப்பர், லாஜிக், ஸ்டுடியோ ஒன், புரோ டூல்ஸ் எல்லாவற்றிலும் இருக்கிறது. இதற்காக யாரும் மாற வேண்டியதில்லை. மிடியில் மட்டும் என் கை க்யூபேஸைத் தேடிக்கொண்டே இருந்தது. பக்திப் பாடலுக்கு ஸ்ட்ரிங்ஸ் எழுதுகிற வேகம் ரீப்பரில் எனக்கு வரவில்லை, வர வைக்கவும் நான் மெனக்கெடவில்லை. அந்த வேலை க்யூபேஸிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஷார்ட்கட் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. பழைய சாஃப்ட்வேரின் எல்லா ஷார்ட்கட்டையும் புதியதில் அமைத்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. முழுக்கப் புதிதாகக் கற்க வேண்டும் என்பது இன்னொன்று. நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். ஆர்ட்டிஸ்ட் மைக் முன்னால் நிற்கும்போது தேவைப்படுகிற ரெக்கார்ட், பன்ச் இன் (நடுவில் ஒரு இடத்தை மட்டும் மறுபடி பதிவது), கடைசி டேக்கை நீக்குவது, மார்க்கர் போடுவது ஆகியவற்றை மட்டும் பழைய கீயிலேயே வைத்தேன். பாடகர் ஸ்ருதியில் நின்றுகொண்டிருக்கும்போது நான் மெனுவில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. எடிட்டிங் ஷார்ட்கட்டுகளைப் புதியபடியே கற்றேன். அதன் யோசனை முறையும் அவற்றோடு சேர்ந்தே வந்தது.

கூட வேலை செய்கிறவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். என் உதவியாளர், "அண்ணே, சென்னையில மிக்ஸுக்கு அனுப்பினா புரோ டூல்ஸ்ல கேப்பாங்களே" என்று கவலைப்பட்டார். சினிமாவின் கடைசி மிக்ஸிங் தியேட்டர்களில் புரோ டூல்ஸ்தான் பெரும்பாலும் ஓடுகிறது. அங்கேயே வேலைக்குப் போகிறவர் அதைக் கற்றுத்தான் ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. எங்களைப் போல வெளியிலிருந்து அனுப்புகிறவர்களிடம் அவர்கள் கேட்பது, ஒழுங்காகப் பெயர் வைத்த, ஒரே இடத்தில் தொடங்குகிற, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டெம்கள், அதாவது தனித்தனி ஒலி ஃபைல்கள். அது எந்த சாஃப்ட்வேரிலிருந்து வந்தது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசலாம். ரீப்பரின் உரிமம் தனி ஆளுக்கும் சிறு தொழிலுக்கும் 60 டாலர். ஆண்டு வருமானம் 20,000 டாலரைத் தாண்டினால் 225. எஃப்எல் ஸ்டுடியோவை ஒரு முறை வாங்கினால் அடுத்தடுத்த பதிப்புகள் இலவசம். புரோ டூல்ஸில் பெரும்பாலும் சந்தா முறை. சோனாரும் 2025-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஒருவரின் விலையை இன்னொருவரோடு ஒப்பிடும்போது, ஐந்து ஆண்டில் அப்டேட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள். வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். இதற்கு முன்னாலேயே இன்டர்ஃபேஸ், மைக், அறையின் எதிரொலி இவற்றில் குறை இருந்தால் பணத்தை அங்கே போடுங்கள். திறந்த ஜன்னல் வழியாக ஆட்டோ சத்தம் வருகிற அறைக்கு எந்த சாஃப்ட்வேரும் உதவாது.

நம் ஊரில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பல சின்ன ஸ்டுடியோக்களில் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய க்ராக் (உரிமம் இல்லாத திருட்டு) பதிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். "எனக்கு இதுதான் செட் ஆகும்" என்பார்கள். அது விசுவாசம் இல்லை. அப்டேட் செய்ய முடியாது, விண்டோஸை மாற்ற முடியாது, இன்டர்நெட்டை இணைக்கப் பயம். வேறு வழியில்லாமல் அங்கே நிற்கிறார்கள். அவர்களிடம் மட்டும் நான் தயங்காமல் மாறச் சொல்வேன். சுமார் ஐயாயிரம் ரூபாய்க்கும், இலவசமாகவும், உரிமத்தோடு நல்ல சாஃப்ட்வேர் கிடைக்கிற காலத்தில், நாம் பாடகருக்குச் சம்பளம் கேட்பது போலவே அதைச் செய்தவர்களுக்கும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

மற்றபடி, தனியாக வீட்டில் பாட்டுப் போடுகிறவர், கை பழகிய சாஃப்ட்வேரில் மாதம் ஒரு பாட்டாவது முடிக்கிறார் என்றால் அவரை நான் அசைக்க மாட்டேன். முடிக்காமல் பாதியில் நிற்கிற பாட்டுகள்தான் நிறைய என்றால், அதற்கும் மாறச் சொல்ல மாட்டேன். பாதியில் நின்றதற்குப் பெரும்பாலும் சாஃப்ட்வேர் காரணமாக இருக்காது. புதியதைக் கற்கும் உற்சாகத்தில் இன்னும் இரண்டு மாதம் பாட்டுப் போடாமல் போகும், அவ்வளவுதான். இன்று புதிதாகத் தொடங்குகிற பிள்ளைகளுக்குச் சொல்வது: பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கக் கூடியவர் எதைப் பயன்படுத்துகிறாரோ, அதையே எடுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஆடியோ வரவில்லை என்றால் அவருக்குத்தான் ஃபோன் செய்யப் போகிறீர்கள்.

மாறுவது என்று முடிவு செய்துவிட்டால், நாளைப் பார்த்துச் செய்யுங்கள். எனக்குத் தைப்பூசம் முடிந்த பிறகு பங்குனி வரை வேலை குறைவு. பிள்ளைகளுக்குப் பரீட்சை, நாட்டியப் பள்ளிகளும் அடங்கியிருக்கும். மே மாத அரங்கேற்றங்களுக்கான பதிவு தொடங்கும் முன் கை ஓரளவு பழகிவிடும். அதனால் மாசியில் தொடங்கினேன். புரட்டாசிப் பாடல்கள் வரிசையில் நிற்கும்போது இதை ஆரம்பித்திருந்தால் இரண்டே நாளில் பழையதற்கு ஓடியிருப்பேன். பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால், பழைய சாஃப்ட்வேரும் ப்ளக்-இன்களும் இருக்கிறபடியே அதை அப்டேட் செய்யாமல், இன்டர்நெட்டில் இணைக்காமல் ஓரமாக வையுங்கள். பழைய பாட்டில் மிக்ஸையே மாற்றச் சொல்லி யாராவது கேட்டால் அதைத் திறந்துகொள்ளலாம். மாதம் ஒரு முறை ஆன் செய்து ஒரு செஷனைத் திறந்து பாருங்கள். சும்மா கிடக்கிற ஹார்ட் டிஸ்கை நம்ப முடியாது.